கழுத்துத் தமனிச் சுருக்கம்: மூளைக்கு இரத்தம் போதவில்லை என்பதை எந்தப் படம் காட்டும்?

கேள்வி (தந்தைக்காகக் கேட்கும் மகள்)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 68. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நிற்கும்போது அவருடைய வலது கை ஒரு நிமிடம் வரை கட்டுப்பாடின்றி உதறுகிறது. மீண்டும் உட்கார்ந்துவிட்டால் அடங்கிவிடுகிறது. வலிப்பாக இருக்கலாம் என்று முதலில் ஈ.ஈ.ஜி. எடுத்தார்கள், அதில் குறை எதுவும் தெரியவில்லை. பிறகு கழுத்தில் எடுத்த டாப்ளர் ஸ்கேனில் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் இடப்பக்கத்து உள் கரோட்டிட் தமனி ஏறத்தாழ 80 விழுக்காடு சுருங்கியிருப்பது தெரிந்தது. மூளையின் எம்.ஆர்.ஐ. படத்தில், இடப்பக்கத்தின் ஆழமான வெண்பொருளில் வரிசையாகச் சில சிறு தழும்புகள் இருப்பதாகவும் குறிப்பிட்டிருந்தார்கள்.

அடுத்து, மருந்து செலுத்தி மூளை இரத்த ஓட்டத்தை அளக்கும் எம்.ஆர்.ஐ. பெர்ஃபியூஷன் பரிசோதனை செய்தார்கள். அதன் அறிக்கை என்னைக் குழப்புகிறது. இடப்பக்கத்தில் இரத்தம் வந்து சேரும் நேரம் நீண்டிருக்கிறது என்றும், அங்குள்ள இரத்தக் கொள்ளளவு சற்றே கூடியிருக்கிறது என்றும், இரத்த ஓட்டம் மட்டும் இயல்பு எல்லைக்குள்தான் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். குழாய் சுருங்கியிருக்கும்போது இரத்தக் கொள்ளளவு எப்படிக் கூடும்? ஓட்டம் இயல்பாக இருக்கிறதென்றால் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? அப்படியிருந்தும் நரம்பியல் மருத்துவர் இப்போது அசெட்டசோலமைடு ஊசி போட்டு ஸ்பெக்ட் ஸ்கேன் ஒன்றும் எடுக்க வேண்டும் என்கிறார். இந்தப் பரிசோதனை முன்னவை சொல்லாத எதைச் சொல்லப்போகிறது என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 (அணு மருத்துவத் துறையில் பணிபுரிபவர்)

சகோதரி, உங்கள் தந்தையின் அறிக்கையில் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் மூன்று வரிகளும் உண்மையில் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. அதை நீங்கள் புரிந்துகொண்டால் ஸ்பெக்ட் எதற்கு என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

மூளை, உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைத்துச் செலவழிக்கும் வசதி அதற்குக் கிடையாது. ஆகவே 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்குச் சராசரியாக 50 மில்லிலிட்டர் இரத்தம் தொடர்ந்து வந்தாக வேண்டும். இந்த அளவு 20-க்கு அருகில் இறங்கினால் நரம்பணுக்கள் வேலையை நிறுத்தத் தொடங்குகின்றன. 10-க்கும் கீழே போய் அப்படியே நீடித்தால் மடியத் தொடங்குகின்றன. இத்தகைய ஆபத்து எளிதில் நேராதபடி மூளை தன் நுண்தமனிகளின் விட்டத்தைத் தானே கூட்டியும் குறைத்தும் ஓட்டத்தைச் சீராக வைத்துக்கொள்கிறது.

கழுத்தில் தமனி சுருங்கி, அதற்கு அப்பால் அழுத்தம் குறையும்போது நடப்பது இதுதான். மூளைக்குள் இருக்கும் நுண்தமனிகள் விரிந்துகொடுக்கின்றன. விரிந்த குழாய்களில் தங்கும் இரத்தம் கூடுவதால் கொள்ளளவு கூடுகிறது. குறைந்த அழுத்தத்தில் அகன்ற வழியாகச் செல்வதால் இரத்தம் கடந்து செல்ல எடுக்கும் நேரமும் நீள்கிறது. குழாய்கள் இப்படி விரிந்துகொடுப்பதால், ஓட்டத்தின் அளவு மட்டும் குறையாமல் காப்பாற்றப்படுகிறது. உங்கள் தந்தையின் அறிக்கையில் ஓட்டம் இயல்பாக இருப்பதற்குக் காரணம், கைவசமிருந்த விரியும் திறனில் ஒரு பகுதியை அவருடைய மூளை ஏற்கெனவே செலவழித்துவிட்டதுதான். எவ்வளவு செலவாயிற்று, எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை அமைதியாகப் படுத்திருக்கும் ஒருவரிடம் எடுத்த படம் சொல்லாது. மிச்சத்தை அறிய வேண்டுமானால் மூளையைச் சற்றே வேலை வாங்கிப் பார்க்க வேண்டும்.

அசெட்டசோலமைடு அந்த வேலையைச் செய்கிறது. பெரியவர்களுக்கு வழக்கமாக 1 கிராம் அளவில் நரம்பு வழியாக மெதுவாகச் செலுத்துவோம். மூளையின் நுண்தமனிகள் விரியும். நலமான மூளையில் சிறிது நேரத்தில் இரத்த ஓட்டம் 30 விழுக்காடோ அதற்கு மேலோ உயரும். ஏற்கெனவே முழுதும் விரிந்துவிட்ட பகுதியால் இதற்கு மேல் விரிய முடியாது. அங்கே ஓட்டம் உயராமல் நின்றுவிடும். சிலருக்கு அந்தப் பகுதியின் ஓட்டம் முன்பிருந்ததைவிடக் குறைந்தும் போகிறது. சுற்றியுள்ள நலமான குழாய்கள் விரிந்து இரத்தத்தைத் தம்பக்கம் இழுத்துக்கொள்வதே அதற்குக் காரணம். நாங்கள் மிகவும் கவலையோடு பார்ப்பது அதைத்தான்.

ஸ்பெக்ட் என்பது உடலுக்குள் செலுத்திய கதிரியக்க மருந்தைப் படமெடுக்கும் ஸ்கேன். அதில் பயன்படும் டெக்னீஷியம் சேர்ந்த மருந்து, செலுத்திய ஓரிரு நிமிடங்களுக்குள் அந்நேரத்து ஓட்டத்தின் விகிதப்படி மூளையில் படிந்து அங்கேயே தங்கிவிடும். டெக்னீஷியத்தின் அரையாயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் நேரம், 6 மணி நேரம் என்பதால், ஊசி போட்ட பிறகு பதற்றமின்றிப் படமெடுக்கலாம். அசெட்டசோலமைடு இல்லாமல் ஒரு முறை, அதைக் கொடுத்து ஒரு முறை என இருமுறை எடுத்து ஒப்பிடுவார்கள்.

முன்கூட்டியே சொல்ல வேண்டியவையும் உள்ளன. சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தாலோ, சிறுநீரகமோ கல்லீரலோ கடுமையாகப் பழுதடைந்திருந்தாலோ, இரத்தத்தில் சோடியமோ பொட்டாசியமோ குறைந்திருந்தாலோ தவறாமல் தெரிவியுங்கள். காபி, தேநீர் ஆகியவற்றில் உள்ள காஃபீன் மூளைத் தமனிகளைச் சுருக்கக்கூடியது. எவ்வளவு நேரம் முன்பிருந்து தவிர்க்க வேண்டும் என்பதைப் பரிசோதனை நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஊசிக்குப் பின் உதட்டைச் சுற்றியும் விரல்நுனிகளிலும் மரமரப்பு, தலைவலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வு ஆகியவை வரலாம். பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். கடுமையான விளைவுகள் மிக அரிது. ஆயினும் கண்காணிப்பின் கீழேதான் இதைச் செய்ய வேண்டும்.

மறுமொழி 2 (ஸ்கேன் பிரிவில் தொழில்நுட்பராக இருப்பவர்)

மேலே உள்ள விளக்கத்துடன் முழுதும் உடன்படுகிறேன். படம் எடுக்கும் பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். இரத்தம் தாமதமாக வருவதும் குறைவாக வருவதும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு அச்சமடைந்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சி.டி. பெர்ஃபியூஷன் செய்யும்போது அயோடின் மருந்து மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் எப்போது வருகிறது, எவ்வளவு வருகிறது, எப்போது வெளியேறுகிறது என்பதைக் கணினி கணக்கிட்டு வண்ணப் படமாகத் தருகிறது. திடீர்ப் பக்கவாதத்தில் இரத்தம் வந்து சேரும் தாமதம் 6 விநாடிகளைத் தாண்டிய பகுதியை ஆபத்திலிருக்கும் பகுதியாக எடுத்துக்கொள்வது வழக்கம். பல காலமாக மெல்ல மெல்லச் சுருங்கிய கழுத்துத் தமனி உடையவருக்கு அதே அளவுகோலை அப்படியே வைத்தால், பாதி மூளை ஆபத்தில் இருப்பதுபோல் சிவந்து தெரியக்கூடும். அவருக்கு இரத்தம் மூளையின் அடித்தளத்தில் தமனிகள் ஒன்றோடொன்று இணையும் வில்லிஸ் வளையம் வழியாக மறுபக்கத்திலிருந்தோ, கண்குழித் தமனி வழியாகப் பின்னோக்கியோ, மூளைப் பரப்பின் கிளைகள் வழியாகவோ சுற்றி வருகிறது. சுற்றி வருவதால் நேரம் கூடுகிறது. வந்து சேரும் அளவு போதுமானதாகவே இருக்கலாம். வில்லிஸ் வளையம் எல்லாருக்கும் முழுமையாக அமைவதில்லை. பலருக்கு அதில் ஏதோ ஒரு கிளை மெலிந்தோ இல்லாமலோ இருக்கிறது. ஒரே 80 விழுக்காட்டுச் சுருக்கம் ஒருவருக்குத் தொல்லையே தராமலும் மற்றொருவருக்குக் கையை உதறச் செய்வதாகவும் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். கழுத்து டாப்ளர் சுருங்கிய இடத்தில் இரத்தம் பாயும் வேகத்தை அளக்கிறது. விநாடிக்கு 230 சென்டிமீட்டருக்கு மேல் போனால் 70 விழுக்காட்டுக்குக் குறையாத சுருக்கம் எனக் கொள்கிறோம். மூளைக்கு எத்தனை மாற்று வழிகள் உள்ளன என்பதை அந்த எண்ணிலிருந்து அறிய முடியாது.

மருந்தே செலுத்தாமல் எம்.ஆர்.ஐ.யில் ஓட்டத்தை அளக்கும் ஏ.எஸ்.எல். என்ற முறையும் இருக்கிறது. கழுத்தைக் கடந்து செல்லும் இரத்தத்தின் நீர் மூலக்கூறுகளை வானொலி அலையால் அடையாளப்படுத்தி, சற்றுப் பொறுத்து அவை மூளையில் எங்கே சேர்ந்திருக்கின்றன என்று படமெடுப்பார்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இது பெரும் நன்மை. ஆனால் அந்த அடையாளம் சில விநாடிகளுக்குள் மங்கிவிடும். வழக்கமான காத்திருப்பு நேரம் 2 விநாடி அளவில்தான் இருக்கும். உங்கள் தந்தையைப் போன்றவருக்கு அதற்குள் இரத்தம் திசுவை அடையாமல் இன்னும் தமனிக்குள்ளேயே இருக்கக்கூடும். அப்போது தமனிகள் பளிச்சென்றும் திசு இருண்டும் தோன்றும். ஓட்டம் இல்லையென்று தவறாக வாசித்துவிடலாம். வெவ்வேறு காத்திருப்பு நேரங்களில் பலமுறை எடுக்கும் வகை இதைப் பெருமளவு சரிசெய்கிறது.

இன்னொன்று: அறிக்கையில் எந்த அளவும் வலம், இடம் என ஒப்பிட்டுச் சொல்லப்பட்டிருந்தால், மறுபக்கத் தமனியின் நிலையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பெக்ட் பெரும்பாலும் ஒப்பீட்டு அளவையே தருகிறது. இரண்டு பக்கமும் சுருங்கியிருந்தால் இரண்டும் சமமாகக் குறைந்து, படம் இயல்பாகத் தோன்றி ஏமாற்றிவிடும்.

இடையே ஒரு கேள்வி (வேறொரு உறுப்பினர்)

இந்த இழையிலேயே கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள், பொருள் ஒன்றுதான். என் அம்மாவுக்கு வலப்பக்க உள் கரோட்டிட் தமனி முழுதுமே அடைத்துவிட்டது. சிறு பக்கவாதம் வந்து தேறியிருக்கிறார். ஸ்பெக்டில் விரியும் திறன் மிகவும் குறைந்திருப்பதாக வந்துள்ளது. நெற்றிப்பொட்டுத் தமனியை மூளைத் தமனியோடு இணைக்கும் பைபாஸ் செய்துவிட்டால் குறை தீர்ந்துவிடும் அல்லவா?

மறுமொழி 3 (முதல் மறுமொழி எழுதியவர்)

படத்தில் குறை தெரிகிறது, அந்தக் குறையை ஈடுசெய்யும் அறுவைச் சிகிச்சையும் இருக்கிறது, ஆகவே அதைச் செய்தால் பக்கவாதம் குறையும் என்று நினைப்பது மிகவும் இயல்பு. மருத்துவ உலகமும் அப்படித்தான் நினைத்தது. அதைச் சோதித்துப் பார்த்தபோது கிடைத்த விடை வேறாக இருந்தது. அதை நீங்கள் அறிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

இந்தத் துறையின் மிகத் துல்லியமான கருவி பெட் ஸ்கேன். விரியும் திறன் தீர்ந்து ஓட்டமும் குறையத் தொடங்கிய பிறகு மூளை கையாளும் கடைசி வழி, வரும் இரத்தத்திலிருந்து கூடுதல் ஆக்சிஜனைப் பிரித்தெடுப்பது. இயல்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு எடுப்பதை அது வெகுவாகக் கூட்டிக்கொள்ளும். கதிரியக்க ஆக்சிஜன் கொண்டு செய்யும் பெட் இதை நேரடியாக அளக்கிறது. இறந்த திசுவுக்குத் தேவை குறைந்ததால் ஓட்டம் குறைந்திருக்கிறதா, உயிருள்ள திசு தேவைக்குக் கிடைக்காமல் வாடுகிறதா என்பதைப் பிரித்துச் சொல்வதில் இதற்கு இணையில்லை. அந்த ஆக்சிஜனின் அரையாயுள் 2 நிமிடம் மட்டுமே ஆகையால், அதை உருவாக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் அதே வளாகத்தில் இருந்தாக வேண்டும். எனவே இது சில ஆராய்ச்சி மையங்களுக்குள்ளேயே நின்றுவிட்டது.

தமனி முழுதும் அடைத்து, பெட்டில் இப்படிக் கூடுதல் ஆக்சிஜன் பிரித்தெடுப்பு தெரிந்தவர்களுக்குப் பக்கவாத ஆபத்து அதிகம் என்பது 1998-இல் வெளியான செயின்ட் லூயிஸ் ஆய்வில் உறுதியாயிற்று. அத்தகையவர்களை மட்டுமே தேர்ந்தெடுத்து, 195 பேரிடம் பைபாஸையும் மருந்துச் சிகிச்சையையும் ஒப்பிட்ட காஸ் என்னும் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளில் பைபாஸ் செய்தவர்களில் 21 விழுக்காட்டினருக்கும் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 22.7 விழுக்காட்டினருக்கும் அந்த ஆய்வு கணக்கில் கொண்ட பாதிப்பு நேர்ந்தது; பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. முதல் 30 நாட்களில் அதே பக்கத்துப் பக்கவாதம் அறுவைப் பிரிவில் 14.4 விழுக்காடு, மருந்துப் பிரிவில் 2 விழுக்காடு. பைபாஸ் இரத்த ஓட்டத்தைத் திருத்தியது உண்மை. ஆனால் அறுவையின் ஆபத்து அந்த நன்மையை விழுங்கிவிட்டது. மருந்து மட்டும் எடுத்தவர்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவும் இருந்தார்கள்.

ஆகவே உங்கள் அம்மாவின் ஸ்பெக்ட் முடிவை, இரத்த அழுத்தத்தை எவ்வளவு கவனமாகக் கையாள வேண்டும், எவ்வளவு நெருக்கமாகக் கண்காணிக்க வேண்டும் என்பதற்கான வழிகாட்டியாகக் கொள்ளுங்கள். அதை மட்டும் வைத்துப் பைபாஸுக்கு விரைய வேண்டாம். மருந்துகளுக்குப் பின்னும் தாக்குதல்கள் மீண்டும் மீண்டும் வருமானால் அப்போது தேர்ந்த மையத்தில் தனியாகப் பேச வேண்டிய பொருள் அது.

மறுமொழி 4 (நரம்பியல் மருத்துவர்)

முதலில் கேட்ட சகோதரிக்கு ஓர் அவசரமான செய்தி. மேலே நண்பர்கள் எழுதியவை அனைத்தும் சரி. ஆனால் உங்கள் தந்தையின் நிலையில் ஸ்பெக்டைவிட நாட்காட்டி முக்கியம்.

நின்றால் கை உதறுவதும் உட்கார்ந்தால் அடங்குவதும் வலிப்பாக இல்லாமல், எதிர்ப்பக்க மூளைக்கு அந்நேரத்தில் இரத்தம் போதாமையின் அடையாளமாக இருக்கலாம் என்பதை நரம்பியல் மருத்துவர் மில்லர் ஃபிஷர் 1962-இலேயே எழுதியிருக்கிறார். ஆழ்ந்த வெண்பொருளில் வரிசையாகத் தழும்புகள் இருப்பதும் அதனோடு பொருந்துகிறது. இரண்டு தமனிகளின் எல்லைகள் சந்திக்கும் அந்தப் பகுதிகள் பாசனத்தில் கடைமடையைப் போன்றவை. வரத்து குறைந்தால் முதலில் காய்வது அங்கேதான். அத்துடன், சுருங்கிய இடத்திலிருந்து பெயர்ந்து வரும் நுண் இரத்தக்கட்டிகளை அடித்துச் செல்லும் வேகமும் மந்தமான ஓட்டத்துக்கு இருப்பதில்லை. கழுத்துத் தமனியால் வரும் பக்கவாதங்களில் பெரும்பகுதி இத்தகைய கட்டிகளால்தான் நேர்கிறது; ஓட்டக்குறைவு அவற்றுக்குத் துணைபோகிறது.

ஆகவே உங்கள் தந்தைக்கு இருப்பது அறிகுறியோடு கூடிய 80 விழுக்காட்டுச் சுருக்கம். இத்தகையவர்களிடம் நாசெட் என்னும் வட அமெரிக்கக் கழுத்துத் தமனி அறுவை ஆய்வு 1991-இல் கண்டது தெளிவானது: இரண்டு ஆண்டுகளில் அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தவர்கள் மருந்துப் பிரிவில் 26 விழுக்காடு, தமனியைத் திறந்து உள்ளே படிந்த கொழுப்புப் படிவை அகற்றிய பிரிவில் 9 விழுக்காடு. அந்தப் பயன் கடைசி அறிகுறியிலிருந்து இரண்டு வாரங்களுக்குள் செய்யும்போது மிகுதி. நாள் செல்லச் செல்லக் குறைகிறது. அந்த ஆய்வில் யாருக்கும் அசெட்டசோலமைடு கொடுத்துப் பார்த்துத் தேர்வு செய்யவில்லை. எனவே ஸ்பெக்டுக்கு நாள் கிடைக்கவில்லை என்று அறுவை தள்ளிப்போகக் கூடாது. மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்: இந்த ஸ்கேன் எப்படி வந்தாலும் அறுவை நடக்குமா? நடக்கும் என்றால் எதற்காக ஸ்கேன்?

அதுவரை, இரத்த அழுத்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். ஆனால் நிற்கும்போது அறிகுறி வருகிறது என்பதை, மாத்திரை எழுதும் ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள். உதறல் நிற்காமல் நீடித்தாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேட்டவரின் தொடர்ச்சி

உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மருத்துவரிடம் அந்தக் கேள்வியை அப்படியே கேட்டேன். அறுவை இந்த வாரத்துக்குள் உறுதியாக நடக்கும் என்றும், ஸ்பெக்ட் அதற்கு முந்தைய நாள் அதே வளாகத்தில் எடுக்கப்படும் என்றும், அறுவைக்குப் பிந்தைய நாட்களுக்காகவே அதன் முடிவு தமக்குத் தேவை என்றும் சொன்னார். மேலும் கேட்பதற்கு முன் அவர் வேறு நோயாளியிடம் செல்ல வேண்டியிருந்தது. அறுவைக்குப் பிறகு ஓட்டம் சரியாகிவிடும் என்றால், முந்தைய நாள் படம் பிந்தைய நாட்களுக்கு எப்படி உதவும்?

மறுமொழி 5 (நரம்பியல் மருத்துவர்)

உங்கள் மருத்துவர் சரியாகத் திட்டமிட்டிருக்கிறார். நெடுநாள் முழுதாக விரிந்தே இருந்த நுண்தமனிகள், தேவைக்கேற்பச் சுருங்கும் பழக்கத்தை இழந்திருக்கக்கூடும். கழுத்தில் அடைப்பை நீக்கியவுடன் முழு அழுத்தமும் அவற்றின்மேல் பாய்கிறது. அவை சுருங்கித் தடுக்காவிட்டால் அந்தப் பக்கத்து ஓட்டம் முன்பிருந்ததைப்போல் இரு மடங்குக்கும் மேல் உயர்ந்து, மூளை வீக்கமோ வலிப்போ, அரிதாக இரத்தக்கசிவோ ஏற்படலாம். இது சிலருக்கு மட்டுமே நேர்கிறது. அறுவைக்கு முன் விரியும் திறன் தீர்ந்திருந்தவர்களுக்கே வாய்ப்பு அதிகம். முந்தைய நாள் ஸ்பெக்ட் அவர்களை அடையாளம் காட்டுகிறது. அறுவைக்குப் பின் எடுக்கும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அடிப்படை அளவாகவும் அது பயன்படும்.

உங்கள் தந்தைக்கு விரியும் திறன் மிகக் குறைவு என்று வந்தால், அறுவைக்குப் பிறகு இரத்த அழுத்தத்தை மிகக் கண்டிப்பாகக் கட்டுக்குள் வைத்திருப்பார்கள். கூடுதல் நாட்கள் மருத்துவமனையில் வைத்திருக்கவும் கூடும். வீட்டுக்கு வந்த பின்னும் முதல் சில வாரங்களுக்கு அழுத்தத்தைக் காலையும் மாலையும் அளந்து எழுதி வையுங்கள். எந்த அளவைத் தாண்டினால் அழைக்க வேண்டும் என்பதை மருத்துவமனையிலிருந்து வெளிவரும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில் கடுமையான தலைவலி, அதிலும் துடிப்பதுபோல் வந்தால், மாத்திரை கொடுத்துத் தூங்கவைக்காமல் உடனே அழைத்து வாருங்கள். அறுவைக்கு முன் கை உதறியது ஓட்டம் போதாமல். பின்னால் வலது கை உதறினால் அது ஓட்டம் மிகுந்ததால் வரும் வலிப்பாகவும் இருக்கலாம். வரவேற்பில் இருப்பவரிடம் இந்த வேறுபாட்டைச் சொல்லி, எந்த நாளில் எந்தப் பக்கம் அறுவை நடந்தது என்பதையும் முதலிலேயே தெரிவியுங்கள்.